எட்டாம் நம்பர் உளி: தோல் தைக்கும் கருவி வாங்குவோர் கவனத்துக்கு

எமது கடை புறக்கோட்டையில் இருக்கிறது. சப்பாத்து, பை, பெல்ட் செய்வோருக்குத் தேவையான தோல், றெக்சின், பசை, நூல், கொக்கி, பட்டன் என்று சில்லறைச் சாமான்கள் விற்பது முப்பது வருடத் தொழில். முன்பெல்லாம் வருகிறவர்கள் தொழில்காரர்கள். என்ன வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்தால் காசைத் தந்துவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது வருகின்றவர்களில் பாதிப்பேர் வேறு ரகம். வீட்டு மேசையில் இருந்து கையாலேயே பேர்ஸ், கார்ட் உறை, பெல்ட், கத்தி உறை தைத்து விற்கும் இளைஞர்கள். சகோதரிகளும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்.

"நானா, தோல் தைக்க ஓட்ட போடுற சாமான்ல எது நல்லம்?"

இதற்கு ஒரு வார்த்தையில் பதில் கிடையாது. சரியான பதில் தெரியாமலேயே நானும் பல வருடம் விற்றிருக்கிறேன். அதற்கான விலையை 2023ஆம் ஆண்டின் கடைசியில் கொடுத்தேன். கொடுத்தது நான் மட்டுமல்ல, என் தாத்தாவின் மகனும்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் விடயத்துக்கு வருவோம்.

மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் தோலுக்கு நடுவில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன. ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் மெல்ல மெல்லக் கழன்று வரும். கைத்தையல் அப்படியல்ல. இது குதிரைச் சேணம் தைப்பவர்களின் முறை. ஒரே நூல், அதன் இரு முனைகளிலும் இரண்டு ஊசி. இரண்டு ஊசியும் ஒரே துளையால் எதிரெதிராகப் போய் வரும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொண்டிருக்கும். வெளிநாட்டுப் பயணிகள் கையால் தைத்த பேர்ஸுக்கு இரு மடங்கு விலை கொடுப்பது இதற்காகத்தான்.

இந்த ஊசியின் முனை மொட்டையானது. அது தோலைத் துளைக்காது, துளைத்த இடத்தால் மட்டுமே போகும். ஆகவே தைக்க முன்னரே எல்லாத் துளைகளும் இருக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு தையலுக்கும் ஒரு துளையாகக் குத்திக்கொண்டு போக வேண்டும். தையலின் அழகில் முக்கால்வாசி துளையில்தான் இருக்கிறது. துணியென்றால் பிழையான தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம், ஓட்டை மூடிக்கொள்ளும். தோலில் போட்ட ஓட்டை போட்டதுதான்.

முதலாவது கருவி குத்தூசி. வீதியோரத்தில் செருப்புத் தைப்பவரின் கையில் இருப்பது நுனியில் கொக்கி வெட்டிய குத்தூசி. குத்திய துளையால் நூலை இழுத்து வருவதற்கு அந்தக் கொக்கி. நான் சொல்வது வேறு. இதன் அலகை நுனிப்பக்கமாகப் பார்த்தால் சாய்சதுரமாக இருக்கும், நாலு விளிம்பும் கூராக இருக்கும். இது தோலை அகற்றாது, சிறிதாகக் கீறிக்கொண்டு உள்ளே போகும். வெளியே எடுத்ததும் தோல் திரும்பவும் நெருங்கி நூலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். கீறல் சாய்வாக இருப்பதால் தையலும் அழகாகச் சாய்ந்து விழும். முழு உருண்டையான குத்தூசியும் உண்டு. அது அடையாளமிடுவதற்கும், வார் கோப்பதற்குத் துளையை விரிப்பதற்கும் நல்லது. தைப்பதற்கு அதை வாங்காதீர்கள்.

குத்தூசி வாங்கும்போது பிடியைப் பார்த்து ஏமாறக்கூடாது. பளபளப்பான பிடி போட்டு, உள்ளே பச்சை இரும்பு வைத்து விற்கிறார்கள். அலகு கழற்றி மாற்றக்கூடியதா, ஆடாமல் இறுக்கமாக நிற்கிறதா என்று பாருங்கள். பேர்ஸ் வேலைக்கு அலகு ஒல்லியாக இருக்க வேண்டும், பெல்ட்டுக்கும் பைக்கும் கொஞ்சம் அகலமாக இருக்கலாம். இன்னொன்று. நல்ல கம்பனியின் அலகானாலும் புதிதாக வரும்போது பெரும்பாலும் மொட்டையாகவே வரும். வாங்கிய உடனே குத்திப் பார்த்துவிட்டு, "நானா, இது மோசமான சாமான்" என்று திருப்பிக் கொண்டுவந்தவர்கள் பலர். 400 இலக்க அரத்தாளில் தொடங்கி 1000, 2000 என்று மென்மையான தாள்களில் நாலு முகத்தையும் தேய்த்து, கடைசியில் பொலிஷ் பூசிய தோல்வாரில் இழுத்துத் தீட்ட வேண்டும். குத்தும்போது தோலில் சத்தமே கேட்கக்கூடாது. இடைக்கிடை நுனியைத் தேன்மெழுகில் குத்தி எடுத்தால் இன்னும் வழுக்கிக்கொண்டு போகும்.

இரண்டாவது, முள்ளுக்கரண்டி மாதிரிப் பற்கள் உள்ள உளி. கடையில் பொடியன்மார் இதை "முள்ளு" என்றே சொல்வார்கள். இதில் இரண்டு வகை இருப்பது பலருக்குத் தெரியாது, விற்கிறவர்களுக்கும் தெரியாது. ஒன்று அடையாள உளி. பற்கள் மெல்லியவை, குட்டையானவை. தோலின் மேல் வைத்துத் தட்டினால் துளைகள் வரவேண்டிய இடத்தில் சம தூரத்தில் சாய்வான கோடுகள் விழும். அதன் பிறகு குத்தூசியால் ஒவ்வொன்றாகக் குத்த வேண்டும். ஐரோப்பாவின் பழைய சேணக் கைவினைஞர்கள் செய்தது இதுதான். பரிஸ் நகரில் 1823இல் தொடங்கிய வெர்ஜே பிளான்ஷார், இங்கிலாந்தின் சேணத் தொழில் நகரமான வோல்சோலின் ஜோசப் டிக்சன் போன்ற பெயர்களில் வந்த உளிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. மற்றையது துளைக்கும் உளி. பற்கள் நீளமானவை, தடித்தவை. சுத்தியலால் அடித்தால் மறுபக்கம் வரை போய்விடும், குத்தூசி தேவையில்லை. ஜப்பானியர்கள் இதில் கெட்டிக்காரர்கள். இப்போது சீனத்திலிருந்து மலிவாக வந்து குவிவதும் பெரும்பாலும் இதுவே.

புதிதாகத் தொடங்குகிறவருக்குத் துளைக்கும் உளிதான் நல்லது என்பது என் அபிப்பிராயம். குத்தூசியை இரு பக்கமும் நேராகக் குத்தி எடுப்பதற்குக் கை பழக மாதக்கணக்காகும். ஆனால் உளிக்கும் எல்லை உண்டு. இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பு வரை பிரச்சினையில்லை. நாலு, ஐந்து என்று போனால் உளி கொஞ்சம் சரிந்தாலே பின்பக்கத் தையல் வரி பாம்பாக நெளியும். மேலே பற்களின் அடிப்பகுதி தடிப்பாக இருப்பதால் முன்பக்கத் துளையும் பெரிதாகிவிடும். இழுத்து எடுக்கும்போது தோலும் கூட வரும்.

இனி அந்தக் கதை.

என் மருமகன் மாவனல்லையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறான். அவனோடு இரண்டு பொடியன்மார். கண்டிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றிலிருந்து 120 பில் உறைகளுக்கு ஓடர் கிடைத்தது. சாப்பாட்டு மேசைக்குப் பில்லை வைத்துக் கொண்டுவருவார்களே, அந்த உறை. வெளித்தோல் இரண்டு மில்லிமீற்றர், உட்தோல் இரண்டு மில்லிமீற்றர், நடுவில் அட்டை, ஓரத்தைச் சுற்றிக் கைத்தையல். அவனுக்கு அதுவரை கிடைத்ததில் பெரிய ஓடர் அதுதான். தோல் வாங்குவதற்கு மனைவியின் வளையல்களை அடகு வைத்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

கருவி கொடுத்தது நான். 2022இல் டொலர் 200 ரூபா மட்டத்திலிருந்து 360ஐத் தாண்டிய காலத்தில் நல்ல கருவி எதையும் இறக்குமதி செய்ய முடியாமல் போயிற்று. அதற்கு முன்னர் ஒரு பிரெஞ்சு உளி வாங்கி வைத்திருந்தேன், எட்டாம் நம்பர். அது மட்டும் இரண்டு பேருக்குப் போதாது. பேர்மிங்ஹாமில் இருக்கும் சிநேகிதர் ஒருவர் வரும்போது பாவித்த இங்கிலாந்து உளி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். அதிலும் எட்டு என்று பொறித்திருந்தது. இரண்டும் எட்டுத்தானே என்று ஒன்றாகச் சுற்றி பஸ்ஸில் அனுப்பிவிட்டேன்.

இரண்டும் அடையாள உளிகள். தோலை ஒட்டிவிட்டு அடித்தால் நாலு மில்லிமீற்றரையும் தாண்டிப் போகாது. ஆகவே பொடியன்மார் ஒரு யோசனை செய்தார்கள். ஒருவன் வெளித்தோலைத் தனியாகத் துளைப்பது, மற்றவன் உட்தோலைத் தனியாகத் துளைப்பது, கடைசியில் ஒன்றாக வைத்துத் தைப்பது. தனித்தனியாக இரண்டு மில்லிமீற்றருக்குள் உளி நன்றாக இறங்கியது. வேலை ஓடுகிறது என்று மருமகனும் சந்தோஷப்பட்டான். மூன்றாம் நாள் தைக்க எடுத்தபோது நாற்பது உறைகளுக்கான தோல் துளைத்து முடிந்திருந்தது.

அன்று மக்ரிபுக்குப் பிறகு கோல் வந்தது.

"மாமா, ரெண்டும் சேருதில்ல."

"என்ன சேருதில்ல?"

"ஓட்ட. ஒரு பக்கம் அறுபத்தஞ்சு, மத்தப் பக்கம் அறுபத்தொம்பது."

நான் நம்பவில்லை. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். மூலையிலிருந்து முதல் நாலைந்து துளைகள் சரியாக இருந்தன. அதன் பிறகு மயிரிழை மயிரிழையாக விலகி, நடுவுக்கு வரும்போது ஒரு துளைக்கு நேராக மறுபக்கத்தில் வெறும் தோல்.

காரணம் அங்குலம். ஆங்கில உளியில் எட்டு என்றால் ஆங்கில அங்குலத்துக்கு, அதாவது 25.4 மில்லிமீற்றருக்கு எட்டுத் துளை. ஒன்றுக்கொன்று தூரம் 3.175 மில்லிமீற்றர். பிரெஞ்சு உளியில் எட்டு என்றால் பழைய பிரெஞ்சு அங்குலத்துக்கு எட்டு. அது 27.07 மில்லிமீற்றர். ஆகவே துளைக்குத் துளை 3.38 மில்லிமீற்றர். பிரான்ஸில் மீற்றர் முறை வந்து இருநூறு வருடத்துக்கு மேலாகியும் இந்தத் தொழிலில் பழைய கணக்கு மாறவில்லை. வித்தியாசம் 0.2 மில்லிமீற்றர்தான், கண்ணால் பார்த்தால் தெரியாது. 22 சென்ரிமீற்றர் ஓரத்தில் அது நாலு துளையாகிவிட்டது.

இன்னொரு பிழையும் இருந்தது. உளியின் பற்கள் சாய்வானவை. வெளித்தோலை அதன் முகத்தில் வைத்து அடித்து, உட்தோலையும் அதன் முகத்தில் வைத்து அடித்து, இரண்டையும் முதுகோடு முதுகு சேர்த்தால் ஒன்றின் சாய்வு மற்றதற்கு எதிராக நிற்கும். அதாவது ஒரே உளியால் அடித்திருந்தாலும் துளைகள் பெருக்கல் அடையாளம் மாதிரிக் குறுக்காகவே விழுந்திருக்கும். எண்ணிக்கை சரியாக வந்திருக்கும், தையல் சரியாக விழாது. தனித்தனியாகத் துளைக்கிறவர்கள் ஒரு பக்கத்துக்கு எதிர்ச்சாய்வு உளி பாவிக்க வேண்டும். அப்படியொரு உளி இருப்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. முப்பது வருடம் கடை நடத்துகிறவன் என்று சொல்லிக்கொள்ள அன்று வெட்கமாக இருந்தது.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தது ஏசுவதை விடக் கஷ்டமாக இருந்தது. வளையல் விடயத்தை என் தாத்தாதான் குசினிக்குள் கூப்பிட்டுச் சொன்னார்.

கட்டுகஸ்தோட்டையில் மகள் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர் எனது பழைய வாடிக்கையாளர். இளவயதில் நுவரெலியாவில் ஏப்ரல் குதிரைப் பந்தயத்துக்கு வரும் குதிரைகளின் சேணம், கடிவாளம் பழுதுபார்த்தவர். அவரைத் தேடிப் போனேன். அவர் துளைத்த தோல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முதலாளி, வெளித்தோல் ஏன் கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்க? அதுல ஒன்னும் பிழை இல்லியே" என்றார்.

உண்மைதான். வெளித்தோல்கள் எல்லாம் ஒரே உளியால் ஒரே மாதிரித் துளைக்கப்பட்டிருந்தன. துளை இல்லாத புதிய உட்தோலை வெட்டி, அட்டையோடு சேர்த்து வெளித்தோலில் ஒட்டிவிட்டு, இருக்கின்ற துளைகளின் வழியாகவே குத்தூசியால் உட்தோலையும் குத்தினால் முடிந்தது. விலை கூடிய தோல் தப்பியது. வீணானது நாற்பது உட்தோல்கள் மாத்திரமே. அவற்றிலும் நடுப்பகுதியை வெட்டிச் சாவி வளையங்கள் செய்தார்கள்.

பெரியவர் தன் குத்தூசியோடு மாவனல்லைக்கு வந்து நாலு நாள் இருந்தார். பிடி கறுத்துத் தேய்ந்து அவருடைய உள்ளங்கையின் அச்சாகவே மாறியிருந்தது. தோலை இரு மரச்சட்டங்களுக்கு இடையில் இறுக்கி, முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு குத்துவார். பின்பக்கம் பார்க்கவே மாட்டார், விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். மருமகன் பக்கத்தில் இருந்து குத்தியதில் முதல் நாள் பின்வரி நெளிந்தது. "மணிக்கட்ட ஆட்டாத தம்பி, முழங்கையால தள்ளு" என்றார். மூன்றாம் நாள் ஓரளவு நேராக வந்தது. மீதி எண்பது உறைகளுக்கும் அதே முறைதான்: ஒட்டி, முகத்தில் மட்டும் பிரெஞ்சு உளியால் அடையாளமிட்டு, குத்தூசியால் குத்தித் தைத்தார்கள். ஆறு நாள் பிந்தித்தான் கொடுக்க முடிந்தது. ஹோட்டலில் ஏற்றுக்கொண்டார்கள், தாமதத்துக்காக ஒரு தொகையைக் கழித்தார்கள். கழித்ததையும் உட்தோலின் விலையையும் நான் கொடுத்தேன். என் பிழைக்கு நான்தானே கொடுக்க வேண்டும்.

சரி, வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நம்பரைப் பார்த்து வாங்காதீர்கள், மில்லிமீற்றரைக் கேளுங்கள். அதையும் நம்பாமல் உருக்கு அடிமட்டத்தில் வைத்து, முதற்பல்லின் நுனியிலிருந்து கடைசிப் பல்லின் நுனிவரை அளந்து, இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பற்களின் எண்ணிக்கையால் அல்ல, ஆறு பல் என்றால் ஐந்து இடைவெளி. பேர்ஸ், கார்ட் உறைக்கு மூன்று மில்லிமீற்றரும் அதையொட்டியதும் நன்றாக இருக்கும், நூல் 0.6 மில்லிமீற்றர் அளவில். பை, பெல்ட்டுக்கு நாலு மில்லிமீற்றர், நூல் 0.8. மூன்று மில்லிமீற்றர் உளியில் தடித்த நூல் கோத்தால் தையல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். நாலு மில்லிமீற்றரில் மெல்லிய நூல் போட்டால் ஓட்டைகள் வாயைத் திறந்துகொண்டு இருக்கும். நூலின் நீளம், தைக்கும் நீளத்தைப் போல் நாலு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு பல் உளி நேர்கோட்டுக்கு, இரண்டு பல் உளி வளைவுக்கு. இரண்டையும் ஒரே கம்பனியில், ஒரே செற்றில் வாங்குங்கள். அடிக்கும்போது முதற்பல்லை முன்னர் அடித்த கடைசித் துளையில் வைத்துத்தான் வரியை நீட்டுகிறோம். கம்பனி மாறினால் எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

ஒரு நல்ல பிரெஞ்சு உளியின் விலைக்குச் சீன உளி பல செற் வாங்கலாம். சீன உளி என்றால் மோசம் என்று நான் சொல்லவில்லை. அதிலும் நல்லது இருக்கிறது, தெரிந்தெடுக்க வேண்டும். கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்திப் பாருங்கள், எல்லா நுனிகளும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். பற்களுக்கு இடையில் வெளிச்சத்தில் பாருங்கள், அங்கே அரத்தின் கரடு இருந்தால் தோலில் இறங்கும், வெளியே வராது. மேற்பூச்சு உரிந்திருந்தால் வேண்டாம். சின்னத் தோல் துண்டு ஒன்றைப் பொக்கற்றில் கொண்டுபோய் அடித்துப் பார்க்கக் கேளுங்கள். மனம் விரும்பிச் சம்மதிக்காத கடைக்காரனிடம் வாங்க வேண்டியதில்லை. லேசான கரடு என்றால் 1000 இலக்க அரத்தாளை மடித்துப் பற்களுக்கிடையில் இழுத்துச் சரிசெய்யலாம். உளியை வெளியே எடுக்கும்போது ஆட்டி ஆட்டி இழுக்காமல், பக்கத்தில் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு நேராக எடுங்கள்.

இரும்புச் சுத்தியலால் அடிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பல் கூசும். உளியின் தலை காளான் மாதிரி விரிந்துவிடும். மரக் கொட்டாப்புளி அல்லது நைலோன் சுத்தியல் போதும். அடியில் சீமெந்துத் தரையும் கூடாது. குசினியில் மரக்கறி வெட்டும் பிளாஸ்ரிக் பலகை, இருக்கும் பலகைகளில் மலிவானதும் நல்லதும் அதுதான்.

உருண்டைத் துளை போடும் பஞ்ச், சுற்றிச் சுற்றி அளவு மாற்றும் குறடு ஆகியவை பெல்ட் ஓட்டைக்கும் பட்டனுக்கும் உரியவை. தோலை வட்டமாக வெட்டி அகற்றிவிடுவதால் தைப்பதற்கு நான் சிபாரிசு செய்வதில்லை. மிகச் சிறிய உருண்டைத் துளையில் வேண்டுமென்றே நேர்த்தையல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் ரசனை. கத்தி உறை மாதிரி மிகத் தடித்த வேலைக்குச் சிலர் மின்துளைப்பானில் மெல்லிய அலகு போட்டுத் துளைக்கிறார்கள். நேராக வரும், ஆனால் வேகம் கூடினால் தோல் கருகும்.

துளை என்றதும் ஞாபகம் வருகிறது. உட்தோலாக வெளியிலிருந்து வருவதில் பன்றித்தோலும் இருக்கும். மயிர்க்குழிகள் மும்மூன்றாகச் சேர்ந்திருந்தால் அது பன்றித்தோல். நம்மவர்கள் வாங்க முன்னர் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைப் பற்றித் தனியாக எழுதலாம்.

இந்தச் சாமான்களை விற்க யோசிக்கும் வர்த்தகர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து ரக உளிகளை அடுக்கி வைப்பதில் பிரயோசனம் இல்லை. மூன்று மில்லிமீற்றரிலும் நாலு மில்லிமீற்றரிலும் ஒவ்வொரு நல்ல செற், தீட்டிய குத்தூசி, மொட்டை ஊசி, மெழுகு நூல், தேன்மெழுகு ஆகியவற்றைச் சேர்த்து வைத்தால் போதும். உளி ஒருமுறை விற்கும், நூலும் ஊசியும் மாதாமாதம் விற்கும். குத்தூசியைத் தீட்டிக் கொடுத்தால் கூலியும் வாங்கலாம். நான் வாங்குகிறேன், வாடிக்கையாளரும் சந்தோஷமாகத் தருகிறார். கடையில் இருக்கும் ஒவ்வொரு உளியிலும் அளந்து பார்த்த மில்லிமீற்றரை ஒரு ஸ்ரிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வளையல்களை மருமகன் மூன்று மாதத்தில் மீட்டுவிட்டான். பெரியவர் நாலு நாள் கூலியை எடுத்துக்கொண்டார். குத்தூசியை விலைக்குக் கேட்டோம், தரவில்லை. அதே அளவில் ஒன்று செய்து தரச் சொன்னதற்கு, பழைய சைக்கிள் கம்பி ஒன்று கொண்டு வரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த ஊசியில்தான் மருமகன் இப்போது தைக்கிறான். இங்கிலாந்து உளி என் கடை லாச்சிக்குள் கிடக்கிறது, விற்க மனம் வரவில்லை.